கழுத்துப் பிடி

லேபைப் பூட்டிவிட்டுப் படி இறங்கத் திரும்பியபோது, பின்னாலிருந்து ஒரு கை என் கழுத்தைச் சுற்றி வளைத்தது.

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பயப்படாதே, இதற்குத்தானே இத்தனை நாளாகப் பழகினாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே ஒருவன் என் பின்னால் வந்துகொண்டிருந்தான். ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக, தெருவின் எதிர்ப்பக்கத்தில். நான் நின்றால் நிற்பான். திரும்பினால் கடைப் பலகையைப் படிப்பான்.

நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேரின் பல் எனக்கு அத்துப்படி. இவன் முகம் மட்டும் தெரியாது.

அக்காவிடம் சொன்னேன். அவள் அத்தானிடம் சொன்னாள். அப்பா அம்மா போன பிறகு நான் இருப்பது அவர்கள் வீட்டில்தான். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வேலையை விடச் சொல்வார்கள் என்று பயந்தேன். அத்தான் சோபாவை ஓரமாகத் தள்ளினார். கல்யாணத்துக்கு முன்னால் கராத்தே பழகியவர். ஊரில் உள்ள வித்தை எல்லாம் வேண்டாம், மூன்றே போதும், ஆனால் அந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்றார்.

மணிக்கட்டைப் பிடித்தால் அவனுடைய கட்டைவிரல் பக்கமாகத் திருகி உருவ வேண்டும். எதிரே வந்தால் உள்ளங்கையால் மூக்கில் ஒரே குத்து. பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தால் தாடையை இறக்கி, அந்தக் கையைக் கீழே இழுத்து, முழங்கையால் விலாவில் இடிக்க வேண்டும்.

தினமும் காலையில் இதே கூத்து. அத்தான் திருடன், நான் நான், அக்கா சமையலறையிலிருந்து நடுவர்.

"என் புருஷனைக் கொன்னுடாதடி" என்று சிரிப்பாள்.

மணிக்கட்டு சீக்கிரமே கைவந்துவிட்டது. கழுத்துப் பிடியில்தான் எப்போதும் ததிங்கிணத்தோம்.

இப்போது அதே பிடி.

தாடையை இறக்கப் பார்த்தேன். இறக்க இடமே இல்லை. முழங்கையைப் பின்னால் வீசினேன். அது மழைக்கோட்டில் பட்டு வழுக்கியது. ஹெல்மெட்டின் விளிம்பு என் பின்மண்டையில் அழுந்தியது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் மறந்துபோகிற பாடம் மாதிரி, பழகியது அத்தனையும் போய்விட்டது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விரலில் ஒட்டிய பிளாஸ்டர் மாவைக்கூடக் கழுவாமல் இந்தப் படிக்கட்டிலேயே சாகப் போகிறேன் என்று நினைத்தேன். அக்கா ஒருத்திதான் அழுவாள் என்றும் நினைத்தேன்.

அப்போது என் வலது கை தானாக ஒன்றைச் செய்தது.

சொடக்குப் போட்டது.

அது அடி இல்லை, வித்தையும் இல்லை. வீட்டில் பழகும்போது பிடி இறுகிவிட்டால் 'விடுங்க' என்று சொல்லத் தொண்டை இருக்காது. அதற்காக அத்தான் வைத்த ஏற்பாடு. சொடக்குச் சத்தம் கேட்டால் அந்த நொடியே கையை எடுத்துவிடுவார். எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

கழுத்தைச் சுற்றியிருந்த கை சட்டென்று விலகியது.

இருவரும் அப்படியே நின்றோம். ஹெல்மெட்டுக்குள் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பினால் போதும், பார்த்துவிடலாம். நான் திரும்பவில்லை. கழுத்தை நெரித்தபோது இருந்ததைவிட இப்போதுதான் பயமாக இருந்தது.

காலடிகள் தடதடவென்று படியில் இறங்கின. கீழே போய் நின்றன. வெளிக் கதவு திறக்கிற சத்தம் வரவில்லை. இந்தக் கட்டடத்துக்கு வேறு வழி கிடையாது.

கைப்பையில் போன் அடித்தது. அக்கா.

"எங்கடி இருக்க? மழை வர்ற மாதிரி இருக்கு, உன்னைக் கூட்டிட்டு வர்றேன்னு அத்தான் அப்பவே கிளம்பினாரே. வந்துட்டாரா?"

கீழே ஹெல்மெட்டின் பட்டை டிக்கென்று கழன்றது. மழைக்கோட்டை உதறும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ என் பேரைச் சொல்லி, மிகவும் அன்பாகக் கூப்பிட்டார்கள்.

"வந்துட்டாருக்கா" என்றேன்.