புளியங்கொட்டை அளவு

இந்தக் காலத்தில் எவனுக்கும் பொருளின் அருமை தெரிவதில்லை. வேலை முடிந்ததும் மண்வெட்டியைச் சேற்றோடு போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகிறான். துருப்பிடித்தால் அவனுக்கென்ன, அப்பன் வாங்கியதுதானே.

பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

உள்ளே சென்னியப்பன் கிடந்தான். அவருடைய இளைய மகன். காலையில் கிணற்றில் மிதந்தவன்.

பக்கத்தில் மூத்தவன் நாச்சிமுத்து. காலில் வயல் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"தண்ணியப் போட்டுட்டு வழுக்கி உழுந்துட்டானுங்க." வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதையே சொன்னான்.

போன வாரம்தான் தண்ணீர் முறைக்காக இருவரும் வாய்க்காலில் கட்டிப் புரண்டார்கள். தம்பியின் தலையைச் சேற்றுக்குள் அமுக்கிப் பிடித்தான் மூத்தவன். அவர் சாட்டையால் விளாசித்தான் விலக்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் பிணத்தை அறுக்க வேண்டாமாம். மெஷினுக்குள் தள்ளிப் படம் எடுத்தாலே எதனால் செத்தான் என்று தெரிந்துவிடுமாம்.

உயிரோடு இருக்கிறவனின் வயிற்றுவலிக்கு எடுத்த படத்தையே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறவர்கள்.

டாக்டரம்மா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

திரையில் ஒரு மண்டை ஓடு.

தோல் இல்லை. முடி இல்லை. ஆனால் முன்பல் இரண்டுக்கும் நடுவே அந்தச் சந்து இருந்தது. சிரித்தால் தெரியும் சந்து.

மண்டை ஓடு மெல்லத் திரும்பியது. பின்பக்கம் வந்தது.

மண்சட்டியைக் கல்லில் அடித்த மாதிரி நொறுங்கியிருந்தது. எலும்புச் சில்லுகள் மூளைக்குள் இறங்கி வெள்ளை வெள்ளையாக நின்றன.

"குப்புற விழுந்த பின்னாலயும் அடிச்சிருக்காங்க. மூக்கு தரையில நசுங்கியிருக்கு. கிணத்துல போடறப்ப உயிரே இல்லைங்கய்யா."

"கெணத்துக் கல்லு இடிச்சிருக்கும்."

"கல்லு இப்படிப் படாது. பாருங்க."

கிண்ணம் போல ஒரு குழி. அதற்குள், ஓரமாக, புளியங்கொட்டை அளவில் இன்னொரு குழி. சற்றுத் தள்ளி விழுந்த அடியிலும் அதே கிண்ணம். அதே கொட்டை.

அவருடைய வலது கை இறுக மூடிக்கொண்டது.

போன வருஷம் மண்வெட்டியில் பிடி நுழையும் வளையம் விரிந்துபோனது. பட்டறைக்காரன் பற்றவைத்துக் கொடுத்தான். வளையத்தின் பின்பக்கம் ஒரு குமிழ் துருத்திக்கொண்டு நின்றது. தேய்த்துக் கொடுடா என்றதற்கு, அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றான். ஒருவனும் வேலையை முழுசாகச் செய்வதில்லை. தூக்கும்போதெல்லாம் உள்ளங்கையில் குத்தும்.

"இந்த மாதிரி சாமான் ஏதாச்சும் உங்க வீட்ல இருக்குங்களா?"

"இல்லீங்."

காலையில் அந்த மண்வெட்டி மோட்டார் ரூம் சுவரில் சாத்தியிருந்தது. பொட்டுச் சேறு இல்லை. தேய்த்துக் கழுவி, பளபளவென்று.

மூத்தவனுக்கு இன்றைக்காவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேதான் அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

வெளியே வந்தார். நாச்சிமுத்து எழுந்தான்.

"என்னங்கப்பா சொன்னாங்?"

"போட்டோவுல என்ன எழவு தெரியும்? செத்தவனப் படம் புடிச்சா எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லுவானா? எல்லாம் புளுகு."

விறுவிறுவென்று நடந்தார். மெஷின் சொன்னதை அவர் நம்பவில்லை. கேட்டைத் தாண்டும்போதும் நம்பவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது.

அவர் கை மேலே போய்ப் பின்மண்டையைப் பொத்தியது.

நின்றார்.

"நீ முன்னால போடா."