மூன்றாவது வளையம்

நடக்க முடியாதவர்கள் உடம்பில் அணியும் சட்டகங்களைக் கோவை அலுவலகத்தில் இருந்தபடியே குயிலி திருத்துவாள். கணினி வரைபடத்தில் சட்டகத்தின் வளையம் ஒன்றை நகர்த்தினால், அணிந்திருப்பவரின் நெஞ்சிலும் அது உடனே நகரும்.

அப்படியொரு சட்டகம் அணிந்திருந்த கணவன் நஞ்சப்பன் வீட்டிலிருந்து அழைத்தான். "குயிலி, மூணாவது வளையம் நெஞ்சு ஆபரேசன் தழும்பு மேலயே அழுத்துது. மூச்சு உட முடியல."

"இருங்க, கொஞ்சம் இறக்கி உடறேன்."

அரை சென்டிமீட்டர் இறக்கினாள்.

"அப்பாடா! இப்பத்தான் உசுரே வந்துச்சு."

உடனே அலுவலகத் தொலைபேசிகள் எல்லாம் அலறின. எல்லாச் சட்டகங்களுக்கும் ஒரே அளவைத் தரும் பொதுப் பேட்டர்னிலிருந்து அவனுடையதைப் பிரிக்க அவசரத்தில் மறந்திருந்தாள். அதில் இணைந்திருந்த இருநூறு பேருக்கும் மூன்றாவது வளையம் இறங்கி மூச்சை அடைத்தது. அவனுடையதை மட்டும் பிரிக்க இருபது நிமிடமாவது ஆகும்.

"சாயங்காலம் ரெண்டு பேரும் வெளிய..." என்று நஞ்சப்பன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

குயிலி எல்லோருக்கும் பழைய அளவையே போட்டாள். அவன் பேச்சு பாதியில் நின்றது.