விரத வீட்டு மீன்

"நாளைக்கும் போய்ப் பிரயோசனம் இல்லண்ணே. பார்க்க முடியாது," என்றான் சன்னாசி. சொல்லிக்கொண்டே கையிலிருந்த தகர வாளியை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினான்.

ஜெயபாலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈப்போவிலிருந்து இரண்டு பஸ் மாறி, சித்தியவானைத் தாண்டி இறங்கி, ரப்பர் காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்து இந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு அவர் வருவது இது நான்காவது சனிக்கிழமை. நான்கு தடவையும் இதே பதில்தான்.

"போய்ப் பார்க்காமலே எப்படித் தெரியும்? பறவை என்ன, உங்ககிட்ட சொல்லிட்டா வெளியூர் போகுது?"

சன்னாசி தரையைப் பார்த்தான். "தெரியும்ணே. அவ்வளவுதான் சொல்ல முடியும். மாலை போட்டிருக்கேன், பொய் சொல்லக் கூடாது லா."

தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சன்னாசியின் இடுப்பில் மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, அப்போதுதான் குளித்ததுபோல் நீர் சொட்டும் தலை. சுவரில் தொங்கிய எண்பத்து மூன்றாம் வருஷக் காலண்டரில் காவடி எடுக்கும் நாளுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில் பால் நாரை ஒன்றைச் சன்னாசி கண்டதாகச் சித்தியவான் மளிகைக்கடை அபுபக்கர்தான் சொல்லியிருந்தார். உடம்பெல்லாம் பால் வெள்ளை, இறக்கை ஓரம் மட்டும் கறுப்பு, நீண்ட மஞ்சள் அலகு. இருபது வருஷமாகப் பறவை பார்க்கும் ஜெயபாலன், படத்தில் தவிர அதைக் கண்டதில்லை.

ஆனால் ஆசை மட்டும் அவரை இங்கே இழுத்து வரவில்லை. அடுத்த மாதம் அந்தச் சதுப்பை வெட்டி இறால் குட்டை போடப் போகிறார்கள். இந்த மாத முடிவுக்குள் பால் நாரையின் படத்தோடு மனுக் கொடுத்தால் வேலையை நிறுத்திவைக்க வழி உண்டு என்று ஈப்போவில் ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். மாத முடிவுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

பறவை பார்க்கும் கூட்டாளிகளை அழைத்துவர மூன்று ஞாயிறு வேன் பேசி, மூன்று ஞாயிறும் வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. அவர்கள் இப்போது வாய்விட்டே சிரித்தார்கள். "என்னாங்க ஜெயபாலன், உங்க பறவை இன்னும் லீவுல இருந்து திரும்பலையா?"

"சரி, நீங்க வர வேணாம்," என்றார் ஜெயபாலன். "வழியை மட்டும் காட்டுங்க. நான் தனியாவே போய்க்கிறேன்."

"வழி காட்டலாம்ணே. ஆனா அட்டைக்கு ரத்தம் குடுத்துட்டு வெறுங்கையோடதான் திரும்புவீங்க. அது அங்க இல்ல."

அந்த நேரம் பார்த்து வாளிக்குள் 'சளக்' என்றது. விரல் நீளத்துக்கு ஒரு மீன் துள்ளி வெளியே விழுந்து, சிமெண்டுத் தரையில் துடித்தது. வாளி நிறைய உயிர் மீன்.

ஜெயபாலன் மீனைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். நான்கு வாரக் கோபமும் ஒன்றாக வந்து வாயில் நின்றது.

"அடப்பாவி! காவடிக்கு மாலை போட்டுட்டு வீட்டுல மீனா? முருகனையே ஏமாத்துறவன் நீ. என்னை ஏமாத்துறதா உனக்குப் பெரிசு?"

சன்னாசியின் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு குச்சியால் அந்த மீனை மெல்ல வாளிக்குள் தள்ளிவிட்டு, மறுபடியும் குளிக்கப் போகிறவனைப் போலத் தோளிலிருந்த துண்டை எடுத்தான்.

ஜெயபாலன் பையைத் தோளில் மாட்டி வாசலில் இறங்கினார். "அண்ணே, நில்லுங்க," என்று அடுப்படியிலிருந்து சன்னாசியின் மனைவி நல்லம்மாள் ஓடி வந்தாள். கையில் ஆவி பறக்கும் வரக்காப்பி.

"இத்தனை தூரம் நடந்து வந்திருக்கீங்க. எங்களைத் திட்டுனாலும் பரவால்ல, குடிச்சிட்டுப் போங்க."

திட்டியவனுக்குக் காப்பியா என்று ஜெயபாலனுக்குக் கூச்சமாகிவிட்டது. வாங்கிக்கொண்டார். இரண்டு மடக்கு உள்ளே போனதும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

நல்லம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க காட்டிலாகா ஆபீசர்தானே?"

"ஆபீசரா? நானா?" ஜெயபாலனுக்குப் புரை ஏறியது. "ஈப்போவுல இரும்புக் கடைக் கிராணிம்மா நான்! கணக்கு எழுதுறவன்."

"அப்ப இந்தக் காக்கிச் சட்டை, காக்கிச் சிலுவாரு?"

"வெள்ளை, சிவப்புன்னு போட்டுட்டுப் போனா பறவை மிரண்டுரும். அதுக்காகப் போடுறது."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அட கடவுளே! ஒரு மாசமா நாங்க செத்துச் செத்துப் பிழைக்கிறோம். ஆபீசர் வந்து கேஸ் போட்டுருவாரு, இவரு காவடி எடுக்கிற அன்னைக்கு லாக்கப்புல கிடப்பாருன்னு..."

"கேஸா? எதுக்கும்மா கேஸு?"

சன்னாசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினான். இந்தத் தடவை அதை மறைக்கவில்லை. உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டுத் திரும்பினான்.

"சட்டையைக் கழட்டிட்டு மெதுவா உள்ள வாங்கண்ணே. அதைச் சுட்டவனும் காக்கிதான் போட்டிருந்தான், காக்கியப் பார்த்தா ஒடிஞ்ச இறக்கைய அடிச்சுக்கும்."