நூறு கெஜத்துக்குள்

செவந்தி வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தபடியே தலையை ஆட்டினாள்.

"கெணறா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஒரு கொடம் தண்ணிக்குக் கம்மாயத் தாண்டிப் போயிட்டு வாரேன். பொறம்போக்குல கெணறு வெட்டுனா சர்க்காரு சும்மா விடுமா?"

எண்ணெய் தேடும் குழுவின் பொறியாளர் ஆத்மநாதன் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. பழைய கெணறு, தூந்துபோன கெணறு, எதுவும்?"

"இல்லீங்க அய்யா."

மணமேல்குடிக்கு மேற்கே அந்தப் புறம்போக்கில் துளை போட்டு வெடி வைக்க அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் வீடு, கண்மாய்க் கரை, கிணறு எதற்கும் நூறு கெஜத்துக்குள் கூடாது என்பது நிபந்தனை. கல் கட்டாத மண் கிணறு ஒரே அதிர்ச்சியில் பொலபொலவென்று சரிந்துவிடும். ஆத்மநாதன் எந்த ஊரிலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வெடியைத் தொட விட்டதில்லை.

செவந்தியின் குடிசை வரைக்கும் சங்கிலி பிடித்து அளந்தார்கள். நூறு கெஜத்தைத் தாண்டியே இருந்தது. அவள் சங்கிலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அளந்துட்டு எங்களக் காலி பண்ணச் சொல்வீங்களா அய்யா? போன மாசம் அங்கிட்டு ரெண்டு குடிசையப் பிரிச்சு எறிஞ்சாங்க. அவங்களும் இப்புடித்தான் ஜீப்புல வந்து சங்கிலி புடிச்சாங்க."

"நாங்க தாலுகா ஆபீஸ் ஆளு இல்லம்மா. வெளக்குக்கு ஊத்துற மண்ணெண்ணெய் இருக்குல்ல, அதுக்கு மூல எண்ணெய் ஒன் காலுக்கு அடியில இருக்கான்னு பாக்க வந்திருக்கோம்."

பெரிய மனிதர் சொல்லும் பொய்யைக் கேட்டுக்கொள்வதுபோல அவள் மரியாதையாகத் தலையாட்டினாள்.

"வீட்ல வேற யாரு?"

"எம் புருசன் அறந்தாங்கி சந்தைக்குப் போயிருக்காரு. இப்ப நான் மட்டுந்தான்."

துளைக்குத் திரும்பும் வழியில் பனை ஓலைக் குவியல் ஒன்றை ஒட்டிப் புதுமண் கொட்டிக் கிடந்தது. ஆத்மநாதன் ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்தார். உச்சி வெயிலிலும் மண் சில்லென்று இருந்தது.

"காஜா பாய், இங்க பாருங்க, எப்பேர்ப்பட்ட களி! காஞ்ச மணல்ல சத்தம் மெதுவா நடக்கும். ஈரக் களியில ஓடும். ஏம்மா, இது எங்க எடுத்தது?"

"செவரு வைக்கக் கம்மாயிலேருந்து அள்ளியாந்தேன்."

வெடி வைக்கும் காஜா மைதீன் பொறுமை இழந்தார். "சார், மண்ண இப்புடிப் பொண்ணு பாக்குற மாதிரி பாத்துக்கிட்டிருந்தா பொழுது சாஞ்சிரும். மருந்த எறக்கட்டுமா?"

முன்பே போட்டிருந்த துளையின் அடிக்கு வெடிமருந்து இறங்கியது. மேலே தண்ணீர் ஊற்றினார்கள். அதிர்வைப் பிடிக்க வரிசையாகத் தரையில் ஊன்றிய சின்னக் கருவிகளிலிருந்து கம்பிகள் வண்டிக்குப் போயின. சிவப்புக் கொடி ஏறியதும் செவந்தியைக் கொடிக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள்.

"அய்யா, வெடிங்கிறாங்களே. ஆளுகளுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

யாராவது கேள்வி கேட்டால் ஆத்மநாதனுக்கு முகம் மலர்ந்துவிடும். "கதவத் தட்டுனா உள்ள ஆளு இருக்கா இல்லையான்னு தெரியுதில்ல? அது மாதிரி பூமியத் தட்டுறோம். சத்தம் கீழ போயி பாறையில மோதித் திரும்பி வரும். எவ்வளவு நேரத்துல வருதுன்னு பாத்தா எவ்வளவு ஆழம்னு சொல்லிரலாம்."

"ஆளுகளுக்கு?"

"ஒரு ஆளுக்கும் ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான ஒன்னைய அத்தனை கேள்வி கேட்டேன்?"

அவள் முகம் தெளிந்தது.

காஜா மைதீன் விசையை அழுத்தினார். நெல் மூட்டை விழுந்ததுபோல 'தொம்' என்று ஒரு சத்தம். துளையிலிருந்து சேற்றுத் தண்ணீர் பனை உயரம் எழும்பி விழுந்தது. உள்ளங்கால் ஒருமுறை கூசியது. அவ்வளவுதான்.

வண்டிக்குள் அதிர்வுகள் கோடுகளாகப் பதிந்து, கழுவிய ஈரம் சொட்டச் சொட்ட வந்த படக் காகிதத்தை ஆத்மநாதன் வெளிச்சத்தில் பிடித்தார். கோடுகள் எல்லாம் ஒன்றாகத் துள்ளி ஒன்றாக அடங்கியிருந்தன. ஓலைக் குவியல் பக்கம் ஊன்றிய கருவியின் கோடு மட்டும் அடங்காமல் கடைசி வரை நடுங்கிக்கொண்டே போயிருந்தது.

"என்ன பாய் இது? எதுவோ உதிர்ந்து விழுந்துக்கிட்டே இருந்த மாதிரி இருக்கு."

"ஆடு மிதிச்சிருக்கும் சார். விடுங்க."

கொடியை இறக்கினார்கள். செவந்தி வேகமாக நடந்து வந்தாள்.

"அளந்து முடிஞ்சுதுங்களா? குடிசைய ஒண்ணும் பண்ண மாட்டீங்களே?"

"ஒன் குடிசையப் பத்தி எங்களுக்கு என்னம்மா? யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாங்க கெளம்புறோம்."

அவள் அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்ப எம் புருசனக் கெணத்துக்குள்ளேருந்து மேல வரச் சொல்லிரட்டுங்களா அய்யா?"