இரண்டுக்கு ஒன்று

"வீட்டுல எல்லா முடிவும் ஓட்டுப் போட்டுத்தானா சார்?"

பிள்ளைகள் ஜனநாயகத்தை எங்கே கற்கிறார்கள் என்று ஆய்வு செய்பவள் கேட்டாள். குடிமையியல் ஆசிரியர், மூடியில் துளை போட்ட பிஸ்கட் டப்பாவைப் பெருமையோடு மேசையில் வைத்தார்.

"சுவருக்கு என்ன கலர்ங்கறதுகூட ரகசிய ஓட்டுதான்மா. மனைவி, பொண்ணு, நான். தோத்தவங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. அது ஒண்ணுதான் சட்டம்."

"அவங்களையும் பேட்டி எடுக்கலாமா?"

"வெளிநாட்டுல இருக்காங்க. மனைவிக்கு அங்க நல்ல வேலை கிடைச்சுது. எனக்கு விசா கிடைக்கல. நான் இல்லாம அவங்க போகலாமா, வேண்டாமான்னு ஓட்டெடுப்பு வச்சோம். ரெண்டுக்கு ஒண்ணுல 'போகலாம்' ஜெயிச்சுது. நாலு வருஷமாச்சு. அதுக்கப்புறம் ஓட்டெடுப்பே இல்ல."

அவளுக்குப் பாவமாக இருந்தது. "தோத்தது கஷ்டமா இல்லையா சார்?"

அவர் தேநீர் போட உள்ளே போனார். படம் எடுக்க அவள் டப்பாவைத் தூக்கினாள். மூடி கழன்று மூன்று சீட்டுகள் விழுந்தன.

இரண்டில் 'வேண்டாம்'. ஒன்றில் மட்டும் 'போகலாம்'. அந்த ஒன்றில், அவளுடைய கேள்வித்தாளில் அவர் பதில் எழுதியிருந்த அதே சாய்வான கையெழுத்து.

கோப்பையோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஓட்டு எண்ணினது யாரு சார்?"

"நான்தான். பொண்ணு ஆசைப்பட்டான்னு அம்மா நினைச்சுக்கிட்டிருக்கா. அம்மா ஆசைப்பட்டாங்கன்னு பொண்ணு நினைச்சுக்கிட்டிருக்கா."

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"இதை எழுதிடாதீங்கம்மா. நாளைக்குப் பத்தாம் வகுப்புக்கு நேர்மையான தேர்தல் பாடம் எடுக்கணும்."