ஸ்கேனர் பார்த்த முகம்

கை ஸ்கேனருக்குத் தன் கண்மேல் அசாத்திய நம்பிக்கை. ஆனால் அது பார்த்துச் சொல்வது கம்ப்யூட்டருக்குப் புரியாது. உள்ளேயிருக்கும் டிரைவர் என்கிற மென்பொருள்தான் அதை மொழிபெயர்த்துச் சொல்லும். கண்ணில்லாத அந்த டிரைவரை ஸ்கேனர் மதித்ததே இல்லை.

ஒருநாள் மங்கையர்க்கரசி தன் அம்மாவின் ஒரே புகைப்படத்தை மேசைமேல் வைத்தாள். தொட்டாலே உதிர்கிற பழைய படம். ஸ்கேனர் அவள் கையையும் இழுத்துக்கொண்டு கடகடவென்று ஓடியது.

"அண்ணே, மெதுவா சொல்லுங்க. பாதி காதுலயே விழல" என்றது டிரைவர்.

திரையில் அம்மாவின் முகம் நசுங்கித் தெரிந்தது. படத்தின் ஓரமும் உதிர்ந்திருந்தது. "இன்னும் ஒரு தடவைதான் தாங்கும்" என்று கலங்கினாள் மங்கையர்க்கரசி.

"நான் சரியாத்தான் பார்த்தேன். நீதான் உளறிட்ட" என்று சீறியது ஸ்கேனர்.

"இருக்கலாம்ணே. அந்தம்மா மூக்குக்குப் பக்கத்துல ஏதாவது இருந்துச்சா?"

ஸ்கேனர் அந்த இடத்தைக் கவனிக்கவே இல்லை.

இந்த முறை மெல்ல நகர்ந்தது. ஒவ்வொரு வரியாகச் சொல்லி, டிரைவர் "ம்" கொட்டும்வரை காத்திருந்தது. பாதி வழியில் அதன் குரல் தணிந்தது.

"தம்பி, ஒரு மச்சம். ரொம்பச் சின்னது."

"ம்" என்றது டிரைவர்.

திரையில் முகம் முழுசாக வந்ததும் மங்கையர்க்கரசி தன் மூக்கோரத்து மச்சத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.