தார்ப்பாய் போட்ட லாரி

“கல்லை விக்கிறான்! என் கண்ணால பார்த்தேன். தார்ப்பாய் போட்டு மூடி, லாரி லாரியாப் போகுது!”

மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தார் நூலகர் அம்மாள். கணவர் செய்தித்தாளை மடித்தார்.

“யாரு, கடப்பாரையா?”

“வேற யாரு?”

இடிப்புக் காண்டிராக்டருக்கு ஊர் வைத்த பெயர் அது. நூற்றுப்பத்து வயது நூலகக் கட்டடம் புதுச் சாலைக்குக் குறுக்கே நின்றது. கல் கல்லாகப் பிரித்துப் பூங்கா பக்கத்தில் மறுபடி கட்டலாம் என்றார்கள். செலவு பதினோரு கோடி. பிரிப்பதற்கு மட்டுமே ஆறு கோடி என்றதும் ஊரே ரெண்டுபட்டது.

“ஆஸ்பத்திரியில கட்டில் இல்ல, பழைய சுவருக்கு இவ்வளவு பணமா?” என்றது ஒரு கட்சி. “வயசாச்சுன்னா தூக்கிப் போட்டுடுவீங்களா?” என்று கத்தினார் அம்மாள். ஏழு கூட்டம் நடந்து, தொண்டை கட்டியதுதான் மிச்சம். இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் இடிப்பது என்று முடிவானது.

“டெண்டர்படி கல்லு அவனுக்குத்தானேம்மா? விக்கட்டும்” என்றார் கணவர்.

“எவன் வீட்டு மதில் சுவருக்குப் போகுதோ! வாசல் வளைவையாவது காலைப் பிடிச்சுக் கேட்டு வாங்கிடணும். வண்டியை எடுங்க, அடுத்த லாரி கிளம்பிடும்.”

லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டர் பறந்தது. பறந்தது என்று சொல்லக்கூடாது, முனகியது.

“வேகமாப் போங்க!”

“இது ஸ்கூட்டர்மா, ஏரோப்ளேன் இல்ல.”

ஒவ்வொரு திருப்பத்திலும் லாரி மறையும்போது, அம்மாள் அவர் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தார். வளைவை ஏற்கெனவே உடைத்திருந்தால்?

ஊருக்கு வெளியே, தகர வேலி போட்ட ஒரு காலி மனைக்குள் லாரி நுழைந்தது. ஸ்கூட்டர் நிற்பதற்குள் அம்மாள் குதித்து ஓடினார்.

“ஏய்யா, வளைவை எவனுக்கு வித்தே? எவன்…”

அம்மாள் சுற்றிலும் பார்த்தார்.

மனை முழுக்க வரிசை வரிசையாகக் கற்கள், பலகை மேல் பத்திரமாக. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண். வாசல் வளைவின் கற்கள் தரையிலேயே வளைவாக அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் குந்தியிருந்த கடப்பாரை, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் தடுமாறி எழுந்தார். திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் முகம்.

“வாங்கம்மா… நீங்க எப்படி இங்க?”

“இடிக்கத்தானே சொன்னாங்க?” அம்மாள் கற்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கட்டடத்தை எடுத்துட்டு இடத்தைக் காலி பண்ணச் சொன்னாங்க. கல்லை உடைக்கணும்னு எங்கயும் எழுதலயே. வெளியில மூச்சு விட்டுடாதீங்க. மெதுவாப் பண்றேன்னு ஏற்கெனவே ரெண்டு தடவை அபராதம் போட்டுட்டாங்க.”

“இதை ஏன்யா கூட்டத்துல சொல்லல?” என்றார் கணவர்.

“ஏழு கூட்டத்துக்கும் வந்தேன் சார், கடைசி பெஞ்சுல. என்னைப் பார்த்தாலே அடிக்க வந்தாங்க, எங்க பேசறது?”

அடிக்கப் போனவர்களில் முதல் ஆள் அம்மாள்தான். ‘உனக்கு இடிக்க மட்டும்தான்டா தெரியும்’ என்று மைக்கில் சொன்னதை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உங்களை நான் என்னென்னவோ பேசிட்டேன்…”

“அதை விடுங்கம்மா. வெள்ளிக்கிழமை கடைசி லாரி வந்துடும். பிரிக்கிற ஆறு கோடி வேலை அதோட முடிஞ்சுது. மிச்சம் அஞ்சு கோடிக்கு எட்டாவது கூட்டத்தைப் போடச் சொல்லுங்க. ரெண்டு ஓட்டுதானே குறைஞ்சுது?”